வார்டுக் குரலும் கடலைக்காய்ச் சண்டையும்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மண்டபத்தில், மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்சுகளும் ஆலோசகர்களும் அண்மையில் ஒரு கூட்டம் போட்டார்கள். தங்கள் மனசைத் தாங்களே எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதுதான் பேச்சு. பழைய ஆள் ஒருத்தியும் இருக்கட்டும் என்று என்னை முன் வரிசையில் உட்கார வைத்து, கையில் ஒரு பூச்செண்டையும் திணித்துவிட்டார்கள். திரையில் என்னென்னவோ படம் காட்டினார்கள், மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள், நானும் விட்டேன். கடைசியில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்னம்மா ஏற்பாடு இருந்துச்சு? மனசு கஷ்டமானா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"சண்டை போட்டுக்குவோம்" என்றேன்.

மண்டபமே சிரித்தது. மேற்கொண்டு நான் வாயைத் திறப்பதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் லூர்து மேரி. சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மரக்கடையில் வேலை, ஞாயிறு தவறாமல் பூசை, சாயங்காலம் செபமாலை என்று இருந்த வீடு. நர்சிங் படித்துவிட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டில் சில மாதம் பழகிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஊர் திரும்பினேன். ஏற்காடு போகிற சாலையில் புளியமரங்களுக்கு நடுவே ஒரு பழைய ஓட்டுக் கட்டிடத்தில் அப்போது பெண்களுக்கான ஒரு மனநோய் இல்லம் நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை கிடைத்தது என்றதும் அம்மா, "சேசு மரி சூசை! உனக்கு வேற எடமே கெடைக்கலையாடி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு மாப்பிள்ளை வராது என்று அவளுக்குக் கவலை. மாப்பிள்ளை வந்தார், அது வேறு கதை.

அந்த இல்லத்தில் டாக்டர் ஒருவர் வாரத்தில் சில நாள்தான் வருவார். இடத்தை ஆண்டது எஸ்தர் மேட்ரன். குள்ளமான, தடித்த உருவம். நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துச் சத்தம்தான் முன்னால் வரும். நோயாளிகளிடம் தேன் மாதிரிப் பேசுவார். எங்களிடம் பேசினால் ஓட்டிலிருந்து புறா பறக்கும்.

மேட்ரன் அம்மா வைத்திருந்த சட்டங்கள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வேலை முடிந்தால் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. கொல்லைப்புறத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதன் வாசலில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். வார்டுச் சாவியை அந்த ஆணியில் மாட்ட வேண்டும், முழங்கை வரை கழுவ வேண்டும், பிறகு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து எல்லாருமாகக் கடலைக்காய் உரிக்க வேண்டும். உரித்த பருப்பு சமையலறைக்குப் போகும், வேகவைத்து வார்டுக்குச் சாயங்காலம் கொடுப்பார்கள். ஒரு முறம் உரித்து முடிக்காமல் யாரும் நகர முடியாது. நான் சேர்ந்த புதிதில், "ஆள் வைச்சு உரிச்சா என்னங்கம்மா? நாங்க நர்சுதானே?" என்று கேட்டேன்.

"பருப்புக்காகவா உங்களை உக்கார வைக்கிறேன்? பகல் பூரா கேட்டதை எல்லாம் வாயில அடக்கிட்டு வீட்டுக்குப் போயி புருஷன் தலையிலயும் பிள்ளைங்க முதுகுலயும் எறக்குவீங்க. இங்கேயே எறக்கிட்டுப் போங்க. கை வேலை செஞ்சா வாய் தானா தெறக்கும்."

உண்மைதான். அந்தப் பாயில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை, எவ்வளவு சண்டை! சொத்தைக் கடலையை யார் முறத்தில் போட்டது, தொலியை யார் பக்கம் தள்ளியது, இன்றைக்கு யார் கஞ்சியைச் சிந்தியது என்று வாய் ஓயாது. எழுந்திருக்கும்போது தலை லேசாகி இருக்கும்.

இன்னொரு சட்டம், அடி வாங்குவதைப் பற்றியது. நோயாளி கையால் அடிபட்டவர் அன்றைக்கு மறுபடி வார்டுக்குள் போகக் கூடாது. துணி துவைக்கும் இடத்துக்கோ சமையலறைக்கோ மாற்றிவிடுவார். ஆனால் மறுநாள் காலையில் அந்த நோயாளிக்கு அதே ஆள்தான் காபி கொடுக்க வேண்டும். எனக்கு முதல் அறை விட்டது தங்கம். ராசிபுரத்துக்காரி, வருஷக்கணக்காக அங்கேயே இருந்தவள். மறுநாள் போக மாட்டேன் என்று அழுதேன். மேட்ரன் அம்மா, "ராத்திரி அவளும் பயந்துகிட்டுத்தான் படுத்திருப்பா. யாராவது ஒருத்தர் முதல்ல டம்ளரை நீட்டணும். நீ சம்பளம் வாங்கறவ, நீ நீட்டு" என்றார். எட்ட நின்றே நீட்டினேன். தங்கம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை பத்தலை" என்றாள். அதற்கப்புறம் அவள் என்னை அடித்ததே இல்லை.

இப்போது பழனியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லசமுத்திரம் பக்கம் கிணறும் காடும் உள்ள விவசாயக் குடும்பம். சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவள். மனம் பிசகிய தன் சின்னம்மாவுக்குத் துணையாக எங்கள் இல்லத்துக்கு வந்தாள். சின்னம்மா குணமாகி வீடு போய்ச் சேர்ந்தாள், துணைக்கு வந்தவள் ஆயா வேலை கேட்டு நின்றுவிட்டாள். "நோயாளி போயிட்டாங்க, கூட வந்தவங்களுக்குத்தான் இன்னும் சரியாகலை" என்று நான் கிண்டல் செய்வேன். என்னைவிட மூத்தவள், வார்டுக்குள் என்னை "சிஸ்டர்" என்பாள். கடலைக்காய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டால், "ஏ மேரி, அந்தச் சொத்தையெல்லாம் உம்பட முறத்துல போட்டுக்க" என்பாள்.

அண்ணன் வந்து வந்து கூப்பிட்டும் அவள் ஏன் போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். அவள் கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"ஊட்டுல நான் வெள்ளைச் சீலையோட எதுக்க வந்தா, வண்டி பூட்டறவங்க கூட சித்த நேரம் நின்னு போவாங்க. இங்க பாரு, நீயும் வெள்ளை, மேட்ரன் அம்மாளும் வெள்ளை, நானும் வெள்ளை. எவளும் மூஞ்சியத் திருப்பறதில்லை. இந்த எடத்தை உட்டுப்போட்டு நான் எங்க போவேன்?"

நான் ஒரு பிடி கடலைக்காயை அவள் முறத்தில் தள்ளி, "உரிக்கிறதைவிட முழுங்கறது ஜாஸ்தியா இருக்குதுக்கா" என்று சண்டைக்கு இழுத்தேன்.

அந்தச் சமயத்தில் திருச்செங்கோட்டிலிருந்து சரசு என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தறி நெய்கிற வீட்டு மருமகள். குழந்தை பிறந்து இறந்ததிலிருந்து பேச்சில்லை, சாப்பாடில்லை. ஜன்னல் ஓரக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். பழனியம்மாள்தான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள், தலை வாரினாள், பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் காட்டுக் கதையெல்லாம் பேசினாள். மாசங்கள் போயின. ஒருநாள் சரசு, "உப்பு ஜாஸ்திங்க்கா" என்று வாயைத் திறந்தாள். பழனியம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு வார்டெல்லாம் ஓடி எல்லாரிடமும் அதைச் சொன்னாள். குணமாகி வீடு போன அன்று, சரசுவுக்குச் சடை பின்னிக் கனகாம்பரம் வைத்தாள். விதவை வைக்கலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துச் சரசுவின் புருஷன் வந்தான். ஏதோ விஷக் காய்ச்சல் கண்டு சரசு செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து பழனியம்மாள் அழுதுகொண்டே கஞ்சி ஊற்றினாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். ஆளில்லாத அந்த ஜன்னல் கட்டிலுக்குத் தினமும் புது விரிப்பு விரித்தாள், வேறு யாரையும் அதில் படுக்க விடவில்லை. கடலைக்காய்ப் பாயில் வந்து உட்காருவாள், கை உரிக்காது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் செய்தோம். தூங்கினாளா, எத்தனை வாய் சாப்பிட்டாள், தனியாகப் பேசிக்கொள்கிறாளா என்று கவனித்தோம். கத்தரிக்கோலை அவள் கண்ணில் படாமல் வைத்தோம். அவளோடு பேசும்போது எல்லாருக்கும் வார்டுக் குரல் வந்துவிட்டது. அது என்ன குரல் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக, இழுத்து, எதற்கும் மறுப்புச் சொல்லாமல், "சரி... சரி... கொஞ்சமா சாப்பிடலாமா?" என்று பேசுவது. நோயாளிக்கு அது மருந்து. கூட வேலை செய்கிறவளுக்கு அது என்னவென்று எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. மேட்ரன் அம்மாவே, "உனக்கு எதுக்குச் சிரமம், பழனியம்மா" என்று அவள் இடுப்பிலிருந்த வார்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். கட்டிலில் விரிப்பை விரித்துக்கொள்ளட்டும், தடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அவளும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் துவைக்கும் கல்லருகே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சிஸ்டர், நெசத்தைச் சொல்லுங்க. எங்க சின்னம்மாளுக்கு வந்தது எனக்கும் வந்துபோச்சுங்களா?"

அவள் என்னைக் கொல்லைப்புறத்தில் சிஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் என்ன சொன்னேன்? "அப்படியெல்லாம் இல்லைக்கா... நல்லா ஓய்வெடுக்கலாம்... சரியா?" என்று அதே குரலில் சொன்னேன்.

டாக்டர், இவளை வீட்டுக்கு அனுப்புவது நல்லது என்று சொல்லி, அண்ணனுக்கு ஆள் விட்டார். மல்லசமுத்திரம் பக்கம் போகிற ஒருவர் மூலம் தகவல் போனது. வாரக் கடைசியில் வந்து கூட்டிப்போவதாக அண்ணன் பதில் சொல்லியனுப்பினார். அதைக் கேட்டதிலிருந்து பழனியம்மாளுக்கு உயிரே இல்லை. சேலத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய், பைத்தியமாகித் திரும்பி வந்தவள் என்று பேர் ஆகிவிட்டால் அந்த ஊரில் அவளுக்கு என்ன இருக்கும்? ஒரு இருட்டு அறையும் ஒரு தட்டும்தான். எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தும், நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணனின் பதில் வந்த மறுநாள் காலை மேட்ரன் அம்மாவும் நானும் வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். தங்கம் கட்டிலை விட்டு இறங்கி வந்து குறுக்கே நின்றாள்.

"ஏங்க மேட்ரன் அம்மா, ஜன்னலோரம் இருக்கற பெட்டை மட்டும் பழனியக்காளுக்குக் குடுத்துராதீங்க. நான் எத்தனையோ நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். புதுசா சேர்றவங்களுக்குக் கதவோரம் குடுங்க."

"பழனியம்மா எதுக்குத் தங்கம் பெட்டுல சேரப் போறா? அவ இங்க வேலை செய்யறவ இல்ல?"

"போங்கம்மா, எனக்குத் தெரியாதா? எங்ககிட்டப் பேசற மாதிரியேதான் அவங்ககிட்டயும் பேசறீங்க. சாவியையும் வாங்கிட்டீங்க. இன்னிக்கா நாளைக்கா, எப்ப சேக்கறீங்க?"

மேட்ரன் அம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். தங்கத்தின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நேராகக் கொல்லைப்புறம் நடந்தார். கொட்டகையில் ராத்திரி வேலை முடிந்தவர்கள் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள், ஓரத்தில் பழனியம்மாளும் இருந்தாள்.

"இவகிட்டக் கடைசியா யாருடி சண்டை போட்டது?" என்று கத்தினார்.

உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"கேக்கறேன்ல? யார் இவளைத் திட்டி எத்தனை நாளாச்சு?"

யோசித்துப் பார்த்தோம். சரசு செத்த தகவல் வந்ததிலிருந்து ஒருத்தரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. மேட்ரன் அம்மா பாயில் தொப்பென்று பழனியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இந்தா பாரு. உனக்குப் பைத்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெத்த மக மாதிரி பாத்தவ செத்துட்டா, நீ அழுவுற. ஊர்ல ஒரு எழவு விழுந்தா என்ன செய்வீங்க?"

"போயிக் கட்டிப்புடிச்சு அழுதுபோட்டு வருவோமுங்க" என்றாள் பழனியம்மாள், குனிந்தபடி.

"நீ போனியா?"

"நாம எப்படிங்கம்மா போறது? ஆசுபத்திரிக்காரங்க ஊட்டுக்கு வந்தா அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சுபோவுமுங்களே. அவங்களுக்குத்தான் கேவலம்."

அதுதான் எங்கள் வழக்கம். குணமாகிப் போனவர்கள் வீட்டுப் பக்கமே நாங்கள் எட்டிப் பார்க்க மாட்டோம். தெருவில் எதிரே வந்தால்கூடத் தெரியாத மாதிரி நடந்துவிடுவோம். அவர்கள் நன்மைக்காகத்தான்.

"நாளைக்குப் போறோம்" என்றார் மேட்ரன் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப நீ இவகூடச் சண்டை போடு" என்றார்.

போடு என்றால் எப்படிப் போடுவது? "அக்கா... நீங்க... கடலையை நிறையத் தின்றீங்க" என்றேன். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். பழனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் நானும் மேட்ரன் அம்மாவும் கலர்ச் சீலை கட்டிக்கொண்டு கிளம்பினோம், ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று தெரியாமல் இருக்கட்டும் என்று. பழனியம்மாள் கட்டியிருந்தது விதவை வெள்ளை, அவளுக்கு அந்தத் தொல்லையே இல்லை. திருச்செங்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலையடிவாரத்துத் தெருவில் விசாரித்துக்கொண்டு போனோம். வீட்டு முன்னறையில் தறி ஓடாமல் கிடந்தது. சரசுவின் மாமியார் எங்களைப் பார்த்து யாரென்று புரியாமல் நின்றாள். பழனியம்மாள், "நாந்தானுங்க பழனி" என்றாள்.

அவ்வளவுதான். அந்த அம்மாள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தோள் மேல் தோள் சாய்த்து அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். நானும் மேட்ரன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், காரியம் கெட்டுவிட்டதே என்று. "யாருங்க இவங்க?" என்று ஒருத்தி கேட்டாள். மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு, எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

"எம் மருமவளுக்குச் சேலத்துல சோறூட்டிப் பேச வெச்ச மவராசிங்க! இந்த ஊட்டுல அவ கடைசியாச் சிரிச்சுக்கிட்டு இருந்தான்னா அது இவளாலதான். பழனியக்கா பழனியக்கான்னு சொல்லிக்கிட்டே கெடந்தா சாமி!"

நான் அழுதேன். மேட்ரன் அம்மாவும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். திரும்பி வந்ததும், துக்க வீட்டுக்குப் போனவர்கள் செய்கிறபடி, கிணற்றடியில் மூவரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். மேட்ரன் அம்மா தன் பங்குக்கு பரலோக மந்திரம் என்கிற செபத்தையும் சொன்னார். ஈரத் தலையோடு பழனியம்மாள் சமையலறைக்குப் போய், "பசிக்குதுங்க" என்றாள். வைத்ததையெல்லாம் சாப்பிட்டாள்.

சொன்னபடி வாரக் கடைசியில் அண்ணன் வந்தார். வேட்டி சட்டையோடு கண்ணியமான மனிதர். கையில் ஒரு பை கடலைக்காய், சட்டைப்பையில் திருச்செங்கோட்டு மலைக்கோயில் திருநீறு. வராந்தாவில் தங்கையைக் கண்டதும் அவர் குரலும் இறங்கிவிட்டது.

"அம்மிணி... வா சாமி... ஊட்டுக்குப் போலாம்... ஒண்ணும் பயப்படாத சாமி..."

பழனியம்மாளின் முகம் பழையபடி வாடத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

அப்போது உள்ளேயிருந்து சாவிச் சத்தம் வந்தது. பின்னாலேயே மேட்ரன் அம்மா வந்தார்.

"பழனியம்மா! மணி என்னாச்சு, விரிப்பு மாத்தாம இங்க என்ன வேடிக்கை? இந்தா, உன் சாவி. இத்தனை நாளா உன் சாவியையும் சேத்து நான் சொமக்கறேன், என்னை என்ன பொதி கழுதைன்னு நெனைச்சியா?"

சாவியை வீசியே விட்டார். பழனியம்மாள் இரண்டு கையாலும் பிடித்தாள். அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க, அம்மிணிக்கு மனசு சரியில்லைன்னு சொல்லி அனுப்பிச்சாங்களே..."

"இவளுக்கா? நல்லாத்தான் இருக்கா. சோம்பேறித்தனம்தான் ஜாஸ்தி. உரிக்கற கடலையில பாதி இவ வயித்துல. வேணும்னா கூட்டிட்டுப் போங்க, எனக்கு நிம்மதி."

"நான் எதுக்குங்க போகோணும்?" என்று பழனியம்மாள் சண்டைக்குக் கிளம்பினாள் பாருங்கள்! "கெழக்க வெளுக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் கஞ்சி காய்ச்சறது யாருங்க? சோம்பேறியாமா! மேரி திங்கறதை மட்டும் நீங்க கேக்கறதே இல்லீங்க, அவ சர்ச்சுக்கு வாரவ, நான் வராதவ, அதானுங்க!"

"யக்கா, என்னை எதுக்கு இழுக்கறீங்க? சொத்தையை என் முறத்துல போடறது யாரு?" என்றேன் நான். இந்தத் தடவை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மூன்று பேரும் மாறி மாறிக் கத்தினோம். அண்ணன் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மனசு சரியில்லாதவகிட்ட யாருங்க இப்படி மல்லுக்கட்டுவாங்க? எங்க அம்மிணி நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். திருநீற்றை அவள் நெற்றியில் பூசிவிட்டு, யோசித்து எங்களுக்கும் நீட்டினார். மேட்ரன் அம்மா, "எனக்கு வேண்டாங்க, அந்தக் கடலைக்காயைக் குடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் சட்டங்களில் ஒன்று கூடியது. வீடு போன நோயாளி இறந்தால், அந்த வீட்டார் சம்மதம் கேட்டு, அவளைப் பார்த்துக்கொண்டவர் போய்த் துக்கம் விசாரித்து வர வேண்டும். துணைக்கு ஒருவர் போக வேண்டும். நான் ஓய்வு பெறும் வரை அந்த வழக்கத்தை விடவில்லை. பழனியம்மாளும் முடி நரைத்து, முட்டி வலி வரும் வரை அங்கேயே இருந்தாள். என்னோடு அவள் சண்டை போடாத நாள் அநேகமாகக் கிடையாது.

அன்றைக்கு அண்ணன் பஸ்ஸுக்குப் புறப்பட்டதும், அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தாள். நான் பின்னாலேயே போனேன். கம்பிக் கதவோரம் தங்கம் காத்துக்கொண்டிருந்தாள்.

"பழனியக்கா, உங்களுக்குப் பெட்டு வேண்டாமா?"

"எனக்கெதுக்குடி பெட்டு? தள்ளு, வேலை கெடக்குது."

அந்த அதட்டலைக் கேட்டதும் தங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. பழனியம்மாள் பீரோவைத் திறந்து சலவை விரிப்பை எடுத்தாள். சரசுவின் கட்டில் அருகே போய்ச் சித்த நேரம் நின்றாள். பிறகு பழைய விரிப்பை உருவிப்போட்டு, புதுசை உதறி விரித்து, சுருக்கம் போக நீவி, தலையணையைத் தட்டி வைத்தாள்.

"வந்து படுத்துக்கடி தங்கம். ஜன்னலோரம் உனக்குத்தான்."